வீட்டு ஒலிப்பதிவில் மங்கிய ஒலி

மங்கிய ஒலி என்பது, ஒலிப்பதிவில் உயர் அதிர்வெண்கள் குறைவதால் அல்லது தாழ் அதிர்வெண்கள் மிகுவதால், குரலும் இசைக்கருவியும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும் நிலையாகும். மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை உணரும். 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகளின் ஆற்றல் பெரும்பாலும் 3,000 ஹெர்ட்சுக்கு மேல் உள்ளது. இப்பகுதி குறைந்தால் சொற்கள் தெளிவை இழக்கும். பதிவின்போதே இழந்ததை ஈக்வலைசரால் மீட்க முடியாது. கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து உயரும். எனவே கோளாற்றை வரிசையாகத் தேட வேண்டும்.

கோளாறு இருக்கும் இடத்தைக் கண்டறிதல்

தரமாக வெளியான, நன்கு பழகிய பாடல் ஒன்றை அதே ஹெட்போனிலோ ஸ்பீக்கரிலோ கேட்க வேண்டும். அதுவும் மங்கலாக இருந்தால் குறை கேட்கும் அமைப்பில் உள்ளது. ஸ்பீக்கரில் உயர் ஒலியைத் தரும் ட்வீட்டர் காது மட்டத்தில், கேட்பவரை நோக்கி இருக்க வேண்டும். பாடல் தெளிவாக இருந்தால், விளைவுகள் எதுவும் சேர்க்காத மூலப்பதிவைக் கேட்க வேண்டும். அது மங்கலாக இருந்தால் காரணம் பதிவு செய்த முறையிலும், தெளிவாக இருந்தால் கலவையிலும் உள்ளது.

பதிவின்போது ஏற்படும் காரணங்கள்

ஒலிவாங்கியின் திசை: பெரிய சவ்வுடைய கண்டென்சர் ஒலிவாங்கிகள் பலவற்றில் ஒலியைப் பெறும் முகம் பக்கவாட்டில் இருக்கும். அவற்றின் உச்சியை நோக்கியோ பின்புறத்திலோ பாடினால் உயர் அதிர்வெண்கள் குறையும்.

தொலைவு: திசைசார் ஒலிவாங்கியை மிக நெருங்கினால் தாழ் ஒலி பெருகும். 15 முதல் 20 செ.மீ. தொலைவில் தொடங்கி மாற்றிப் பார்க்கலாம்.

அறை: 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 செ.மீ.; 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது சுமார் 3.4 மீட்டர். ஆகவே சுவரில் ஒட்டும் மெல்லிய நுரைப்பஞ்சு உயர் ஒலியை மட்டும் உறிஞ்சி, தாழ் ஒலியை விட்டுவிடும். அறை முழுவதையும் அதனால் மூடுவதே மங்கலுக்குக் காரணமாகலாம். தடிமனான உறிஞ்சு பலகைகளை, குறிப்பாக மூலைகளில், வைப்பது பயன் தரும்.

இசைக்கருவி: வியர்வையும் அழுக்கும் படிந்த பழைய கிட்டார் கம்பிகள் கூர்மையான ஒலியைத் தருவதில்லை. கம்பிகளை மாற்றுவதே தீர்வு.

மாதிரி வீதம்: மாதிரி வீதத்தின் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்கள் பதிவாவதில்லை. 16,000 ஹெர்ட்ஸ் வீதத்தில் 8,000 ஹெர்ட்சுக்கு மேல் எதுவும் இருக்காது. அழைப்பு முறையில் இயங்கும் புளூடூத் ஹெட்செட்டுகளில் இது பொதுவான குறை. இசைப்பதிவுக்கு 44,100 அல்லது 48,000 ஹெர்ட்ஸ் பொருத்தமானது.

கலவையில் சரிசெய்தல்

மூலப்பதிவு தெளிவாக இருந்தும் கலவை மங்கினால், பல தடங்களின் ஒலி 200 முதல் 500 ஹெர்ட்ஸ் பகுதியில் குவிந்திருக்கலாம். உயர் ஒலியைக் கூட்டும் முன், அப்பகுதியை 2 அல்லது 3 டெசிபல் குறைத்துக் கேட்க வேண்டும்.

எந்த மாற்றத்தையும் ஒவ்வொன்றாகவே செய்து, ஒரே வரியை மீண்டும் பதிந்து, ஒரே ஒலி அளவில் ஒப்பிட வேண்டும். சத்தம் கூடிய பதிவு தெளிவானதுபோல் தோன்றி முடிவைத் தவறாக்கக்கூடும்.