இடைப்பட்ட நாள்களில் யாரைப் பார்த்தீர்கள்?

சில ஆண்டுகளுக்கு முன்பு அம்மையார் ஒருவர் என்னிடம் டயாலிசிஸ் சிகிச்சை பெற்றுவந்தார். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. திங்கள், புதன், வெள்ளி என வாரம் மூன்று முறை தவறாமல் வருவார். அவருடைய அக்கா மயிலாடுதுறைக்கு அருகே ஒரு கிராமத்தில் தனியாக வசித்துவந்தார். "டாக்டர், ஒரு தடவை அக்காவைப் போய்ப் பார்த்துட்டு வந்துடட்டுமா?" என்று ஓராண்டுக்குள் மூன்று முறை என்னிடம் கேட்டார். மூன்று முறையும் நான் சொன்னது ஒரே பதில்தான்: "இப்போது வேண்டாம் அம்மா. உடம்பு கொஞ்சம் தேறட்டும்."

அப்படிச் சொல்வது எனக்கு எளிதாக இருந்தது. வெளியே நோயாளிகளின் வரிசை நீண்டிருந்தது. பயணத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்று விளக்கப் பத்து நிமிடமாவது வேண்டும். வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி போதும்.

ஒரு புதன்கிழமை அதிகாலையில் அந்த அக்கா காலமானார். அன்று காலை டயாலிசிஸை முடித்துக்கொண்டு, அம்மையார் மகனுடன் காரில் புறப்பட்டார். மறுநாள் காரியங்கள் முடிந்ததும் கிளம்பி இரவே சென்னை திரும்பி, வெள்ளிக்கிழமை வழக்கமான நேரத்துக்குச் சிகிச்சைக்கு வந்துவிட்டார். எடை அளவோடுதான் கூடியிருந்தது. இரத்த அழுத்தமும் சீராக இருந்தது. "போயிட்டு வந்துட்டேன் டாக்டர். ஒண்ணும் ஆகலை" என்றார். அவர் குரலில் குறை கூறும் தொனியே இல்லை. நான் கவலைப்பட்டிருப்பேன் என்று எண்ணி, என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார் என்றே நினைக்கிறேன். இறுதிச் சடங்குக்குப் போய்வர முடிந்த அதே உடம்போடு, அக்கா உயிரோடு இருந்தபோதும் அவர் போய்வந்திருக்கலாம். அதற்குத் தடையாக இருந்தது என் பதில் மட்டுமே.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வெள்ளிக்கிழமைதான்.

'தேறட்டும்' என்று காத்திருப்பது

காய்ச்சலோ எலும்பு முறிவோ வந்தால் சிறிது காலம் வீட்டில் இருந்து, குணமான பிறகு வெளியே செல்கிறோம். அந்தப் பழக்கத்தையே நிலைத்த சிறுநீரகச் செயலிழப்புக்கும் பொருத்திப் பார்க்கிறோம். ஆனால், இந்த நோயில் டயாலிசிஸ் என்பது சில வாரங்களில் முடிந்துவிடும் மருத்துவம் அன்று. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை, கிடைக்காதவர்களுக்கு வாழ்நாள் முழுவதும், அது தொடரும். எனவே, முழுவதும் குணமான பிறகு போகலாம் என்று ஒத்திவைத்தால், அந்த நாள் வராமலே போகலாம்.

இச்சிகிச்சையின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. 1943இல் நெதர்லாந்தில் மருத்துவர் வில்லெம் கோல்ஃப் செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கியபோது, ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் இரத்தக் குழாயைத் திறக்க வேண்டியிருந்தது. ஆகவே, ஒருவருக்குச் சில முறைகளுக்கு மேல் சிகிச்சை அளிக்க இயலவில்லை. 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையிலேயே நிலையாக இருக்கும் டெஃப்லான் குழாய் ஒன்றை அமைத்தார். அவருடைய முதல் நோயாளியான கிளைட் ஷீல்ட்ஸ் அதன் பின்னர் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போய், வாழ்ந்து, மறுபடியும் சிகிச்சைக்கு வர முடியும் என்னும் நிலை அப்போதுதான் பிறந்தது. இன்று உங்கள் கையில் உள்ள ஃபிஸ்டுலா 1966இல் அறிமுகமானது.

ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உண்டு. நான்கு மணி நேரம் வீதம் மூன்று முறை என்றால், இயந்திரத்துடன் இருப்பது 12 மணி நேரம். பயணம், காத்திருப்பு, பின்வரும் களைப்பு ஆகியவற்றையும் சேர்த்து இருமடங்காகவே கணக்கிட்டாலும், எஞ்சும் நேரம் மிகுதி. அந்த நேரத்துக்காகத்தான் இந்தச் சிகிச்சையே நடைபெறுகிறது.

நாளைத் தேர்ந்தெடுங்கள்

டயாலிசிஸ் முடிந்த அன்று பலருக்குக் களைப்பும் தலைச்சுற்றலும் இருக்கும். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கப்படும் ஹெப்பாரின் மருந்தின் தாக்கமும் சில மணி நேரம் நீடிக்கும். எனவே, அன்று மாலை வெளியே செல்வதைத் தவிர்ப்பது நல்லது. மறுநாள்தான் பெரும்பாலோருக்கு உடல் தெளிவாக இருக்கும் நாள். கடற்கரை, கோயில், தங்கை வீடு, பழைய அலுவலக நண்பர்கள் என எதுவாயினும் அந்த நாளில் வைத்துக்கொள்ளுங்கள். நடக்க இயலாதவர்கள் கடற்கரையை மறந்துவிட வேண்டியதில்லை. சென்னை மெரினாவில் சக்கர நாற்காலியிலேயே அலையருகே செல்வதற்கான மரப் பாதை 2022இல் திறக்கப்பட்டது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வாரத்தில் ஒரு முறை இரண்டு சிகிச்சைகளுக்கிடையே நீண்ட இடைவெளி வருகிறது. திங்கள், புதன், வெள்ளி வருவோருக்கு அந்த இடைவெளியின் கடைசி நாள் ஞாயிறு. நம் ஊரில் விருந்துகளும் வீட்டு விசேடங்களும் கூடுவதும் ஞாயிறன்றுதான். உடலில் நீரும் பொட்டாசியமும் ஏறியிருக்கும் அந்த நாளில், பந்தியில் அமர்ந்து எல்லாவற்றையும் உண்டுவிட்டு, நள்ளிரவில் மூச்சுத் திணறலுடன் அவசரப் பிரிவுக்கு வருவோரை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். விசேடத்துக்குச் செல்லுங்கள், இலையில் மட்டும் கட்டுப்பாடு காட்டுங்கள். செவ்வாய், வியாழன், சனி வருவோருக்கு இந்த எச்சரிக்கை திங்கள்கிழமைக்குப் பொருந்தும்.

'ஒரு வாய் காபியாவது...'

நோயாளிகள் உறவினர் வீட்டுக்குப் போவதை நிறுத்துவதற்கு முதன்மையான காரணம் களைப்பு அன்று, உபசரிப்புதான். வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர், காபி, இளநீர், பழம் என்று கொடுத்துப் பழகிய நாம், "வேண்டாம்" என்ற சொல்லை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு வீட்டிலும் மறுத்து, ஒவ்வொரு முறையும் நோயை விளக்கிச் சலித்துப்போனவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்.

என்னிடம் வரும் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவரின் கதை இது. நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு நான்கு நண்பர்கள் ஒரு தேநீர்க் கடை பெஞ்சில் கூடுவது அவர்களுடைய இருபதாண்டுப் பழக்கம். டயாலிசிஸ் தொடங்கியதும் அவர் போவதை நிறுத்திவிட்டார். "நாலு பேரு குடிக்கும்போது நான் மட்டும் சும்மா உக்காந்திருக்க முடியுமா சார்?" என்றார். அவருடைய அன்றாட நீரளவைக் கணக்கிட்டுப் பார்த்தோம். காலையில் குடிக்கும் காபியைப் பாதியாகக் குறைத்தால், மாலையில் பாதிக் குவளைத் தேநீருக்கு இடம் கிடைத்தது. இப்போது கடைக்காரர் அவரைக் கண்டதும், கேட்காமலேயே பாதி டீ ஊற்றி வைத்துவிடுகிறாராம். அந்தப் பாதிக் குவளையை முக்கால் மணி நேரம் குடிப்பதாக அவர் பெருமையுடன் சொன்னார்.

இந்தக் கணக்கை நீங்களும் போடலாம். ஒரு லிட்டர் நீர் உடலில் தங்கினால் ஒரு கிலோ எடை கூடும். இரு டயாலிசிஸ்களுக்கு இடையே கூடும் எடை, பொதுவாக உங்கள் உலர் எடையில் 4 விழுக்காட்டைத் தாண்டாதிருப்பது நல்லது. 60 கிலோ உலர் எடை உள்ளவருக்கு இது சுமார் 2.4 கிலோ. நீங்கள் அருந்தக்கூடிய அளவை உங்கள் மருத்துவரிடம் மில்லிலிட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். சாம்பார், ரசம், மோர், பாயசம், பனிக்கட்டி ஆகிய அனைத்தும் அந்த அளவுக்குள் அடங்கும். ஊறுகாய், அப்பளம், வற்றல் ஆகியவற்றின் உப்பு தாகத்தைத் தூண்டும். அவற்றை ஒதுக்கினாலே பாதிப் போராட்டம் முடிந்துவிடும்.

பொட்டாசியத்தில் சலுகை இல்லை. அது அளவு மீறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம். இளநீர், பழச்சாறு, வாழைப்பழம், உலர் பழங்கள் ஆகியவற்றை அன்புக்காகக் கூட ஏற்காதீர்கள். நட்சத்திரப் பழம் எனப்படும் ஐந்து முனைப் பழம் சிறுநீரக நோயாளிகளின் மூளையைப் பாதிக்கும். அதை அறவே தவிர்க்க வேண்டும். சோடியம் குறைந்தது என விற்கப்படும் சில உப்புகளில் பொட்டாசியம் மிகுந்திருப்பதால் அவையும் ஆகா. ஒரு துண்டு ஆப்பிளோ அன்னாசியோ போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், கொடுப்பவருக்கும் நிறைவு, உங்களுக்கும் பாதுகாப்பு. பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரை உணவோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும். அதைச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொண்டு பந்தியில் உட்காருங்கள்.

கூட்டத்தில் கையைக் காத்தல்

ஃபிஸ்டுலா உள்ள கையில் பை மாட்டுதல், இறுக்கமான வளையல் அல்லது கடிகாரம் அணிதல், அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்குதல் ஆகியவை கூடாது. வெளியூரில் எவரேனும் அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ முயன்றால் தயங்காமல் தடுத்துவிடுங்கள். புறப்படும்முன் விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா எனப் பாருங்கள். இல்லையென்றால் பயணத்தை விடுத்து உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். இரத்தம் கசிந்தால் அந்த இடத்தை விரலால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து, 108ஐ அழையுங்கள். கழுத்தில் குழாய் உள்ளவர்கள் கடலிலோ ஆற்றிலோ குளத்திலோ குளிக்கக் கூடாது.

வெளியூரில் தங்க வேண்டுமானால்

ஓரிரவுப் பயணத்தை இரு சிகிச்சைகளுக்கு இடையிலேயே முடித்துவிடலாம். அதற்கு மேல் தங்குவதாயின், அவ்வூரில் உள்ள டயாலிசிஸ் மையத்தில் சில வாரங்களுக்கு முன்பே இடம் கேட்டு வையுங்கள். அண்மையில் செய்துகொண்ட டயாலிசிஸ் குறிப்புகள், உலர் எடை, ஹெப்பாரின் அளவு, மருந்துப் பட்டியல், ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை ஒரே உறையில் எடுத்துச் செல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்போர், அது அந்த மையத்தில் செல்லுமா என்று முதலிலேயே கேட்டறிக. விசேடத்துக்காக ஒரு டயாலிசிஸைத் தவறவிடுவது மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

படுத்தால் மூச்சுத் திணறல், வழக்கத்தைவிட மிகுந்த கால் வீக்கம், குளிருடன் காய்ச்சல், நெஞ்சு வலி, திடீர்த் தசைத் தளர்ச்சி ஆகியவற்றுள் எது இருந்தாலும், அன்று போக வேண்டிய இடம் மருத்துவமனைதான்.

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்

"போய்த் தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று எண்ணி நீங்கள் விலகி நிற்கிறீர்கள். "நம்மை மறந்துவிட்டார்கள்" என்று அவர் எண்ணுகிறார். சளி, காய்ச்சல் இல்லாத ஒரு நாளில், தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போய் வாருங்கள். "இப்படி இளைச்சுட்டீங்களே!" என்று தொடங்காதீர்கள். கையில் புடைத்திருக்கும் நரம்பை உற்றுப் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டுக்கு அவர் வந்தால் சிறிய தம்ளரை எடுங்கள்; வேண்டாம் என்றால் ஒரு முறைக்கு மேல் வற்புறுத்தாதீர்கள். ஊர்ச் செய்தி பேசுங்கள். கிரியாட்டினின் அளவைப் பேச நாங்கள் இருக்கிறோம்.

உடனிருந்து கவனிப்போருக்கு

நோயாளி வீட்டுக்குள் அடைந்தால் அவருடன் இன்னொருவரும் அடைகிறார். பெரும்பாலும் அது மனைவி அல்லது மகள். டயாலிசிஸ் நடக்கும் அந்த நான்கு மணி நேரமும் வெளியே நாற்காலியில் சுவரைப் பார்த்து அமர்ந்திருப்பவர்களை நான் நாள்தோறும் கடந்து செல்கிறேன். உள்ளே செவிலியர்கள் இருக்கிறார்கள். உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு, அருகிலுள்ள தோழி வீட்டுக்கோ கோயிலுக்கோ போய் வாருங்கள். அதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை. நீங்கள் சோர்ந்துபோனால் வீட்டில் இருவர் நோயாளிகள் ஆவர்.

அந்த அம்மையார் இப்போது நம்மிடையே இல்லை. அவரால் நான் கற்றுக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பார்த்து முடித்த பிறகு, "இந்த வாரம் யாரைப் பார்த்தீர்கள்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். யாரையும் இல்லை என்றால், யாரைப் பார்க்க ஆசை என்று கேட்டு, அதற்கு ஏற்ற நாளைச் சேர்ந்து குறிக்கிறோம். வரிசை அதே நீளம்தான். ஆனாலும் அந்தப் பத்து நிமிடம் கிடைக்கத்தான் செய்கிறது.

அடுத்த முறை வரும்போது ஒரு பெயருடன் வாருங்கள்.