இலைக்கு ஆயுஷ், விதைக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ, பூவுக்கு போலீஸ்! - சி.பி.டி எண்ணெய் வியாபாரத்தில் இறங்கலாமா?

ஆரணியில் குழித்தறி தெரிந்தவர்களுக்கு அதனோடு வரும் வலியும் தெரியும். ஒரு பட்டுச் சேலை தறியிலிருந்து இறங்கும்வரை நாள்கணக்கில் குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்து, காலால் மிதித்தும் கையால் நாடாவை ஓட்டியும் நெய்ய வேண்டும். கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் என எல்லாம் வலிக்கும். நெசவாளர் வீடுகளில் தைலத்துக்கும் களிம்புக்கும் எப்போதும் தேவை உண்டு.

இப்படி வலியோடு வாழ்பவர்களின் செல்போனுக்கு இப்போது 'சி.பி.டி எண்ணெய்' என்ற பெயரும் வந்து சேர்கிறது. வலிக்கு நல்லது, தூக்கம் வரும், போதை இருக்காது என்கிறார்கள். சின்ன பாட்டிலே ஆயிரக்கணக்கில் விலை. 'நாமே வாங்கி விற்றால் என்ன?' என்று கணக்குப் போடுபவர்கள் முதலில் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரே செடி, மூன்று சட்டம்

சி.பி.டி என்பது கன்னாபிடியால். கஞ்சாச் செடியில் இருக்கும் ஒரு வேதிப்பொருள். அதே செடியில் போதை தருவது டி.எச்.சி என்ற வேறொரு பொருள். சி.பி.டி-யால் போதை ஏறாது என்பது உண்மைதான். ஆனால், அந்த எண்ணெயைச் செடியின் எந்தப் பகுதியிலிருந்து எடுத்தார்கள் என்றுதான் சட்டம் கேட்கிறது.

1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, செடியின் பூக்கும் நுனிதான் 'கஞ்சா'. பிசின் 'சரஸ்'. இரண்டுக்கும் தடை. கஞ்சா ஒரு கிலோ வரை சிக்கினால் ஓராண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் 10 முதல் 20 ஆண்டுகள். பூ சேராத இலையும் விதையும் இந்த விளக்கத்துக்குள் வராது.

அந்த இலைதான் ஆயுர்வேதத்தில் 'விஜயா'. ஆயுஷ் உற்பத்தி உரிமம் பெற்ற நிறுவனங்கள் அதிலிருந்து மருந்து தயாரிக்கின்றன. ஆனால், 1940-ம் ஆண்டின் மருந்துகள் சட்டத்தின் கீழ் இது நச்சுத்தன்மை கொண்ட மூலிகைகளின் பட்டியலில் இருக்கிறது. உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தென்றால், 'எச்சரிக்கை: மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும்' என்று லேபிளில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட்டிருக்க வேண்டும்.

விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ 2021-ல் அனுமதி தந்தது. ஆனால், விதை எண்ணெயில் சி.பி.டி இருப்பது மிக மிகக் குறைவு. அதை 'சி.பி.டி எண்ணெய்' என்று விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதுதான்.

மாநிலத்துக்கு மாநிலம் மாறும் பார்வை

உத்தரப்பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு பாங்கு கடைகளே நடக்கின்றன. தொழில்முறையில் ஹெம்ப் பயிரிட 2018-லேயே உரிமம் கொடுத்தது உத்தராகண்ட். தமிழ்நாட்டில் பாங்கு கடை கிடையாது. இங்கே 2021 டிசம்பரில் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' என்று காவல்துறை தனி நடவடிக்கையே தொடங்கியது.

இந்தச் சூழலில் கஞ்சா இலைப் படம் போட்ட பாட்டில் சோதனையில் சிக்கினால், அது இலையிலிருந்து வந்ததா, பூவிலிருந்து வந்ததா என்று பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது. உரிமம், பில், ஆய்வக அறிக்கை எல்லாம் கையில் இருந்தால்தான் விற்பவரால் பதில் சொல்லவே முடியும். அதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிடும். பெயரை வைத்துக் கடை நடத்தும் சிறிய ஊரில் அந்த நஷ்டத்தை ஈடுகட்டுவது கஷ்டம்.

மும்பையில் 2013-ல் ஏழு நண்பர்கள் தொடங்கிய 'பாம்பே ஹெம்ப் கம்பெனி'தான் இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் பெயர். ரத்தன் டாட்டா முதலீடு செய்த நிறுவனம் அது. அப்படிப்பட்ட பின்புலம் சிறிய ஊர் வியாபாரிக்குக் கிடையாது.

விளம்பரத்துக்கும் வழியில்லை

2023-ல் கூகுள் சி.பி.டி விளம்பரங்களுக்குக் கொஞ்சம் கதவு திறந்தது. அதுவும் கலிபோர்னியா, கொலராடோ, போர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களில் மட்டும், சில வகைப் பொருள்களுக்கு மட்டும். 'புற்றுநோய் தீரும், சர்க்கரை போகும்' என்று நோட்டீஸ் அடித்தால், 1954-ம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டம் பாயும்.

ஆன்லைனில் பணம் வாங்குவதும் சுலபமில்லை. பல பேமென்ட் நிறுவனங்கள் இந்தச் செடி சார்ந்த பொருள்களை 'ரிஸ்க்' பட்டியலில் வைத்திருக்கின்றன. சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் கேட்டார் என்று பார்சல் அனுப்பினால் அவர்தான் மாட்டிக்கொள்வார். அங்கே சி.பி.டி-யும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. சேலையில் 'சில்க் மார்க்' முத்திரையைப் பார்த்து வாங்கலாம். சந்தேகமென்றால் ஓர் இழையைக் கொளுத்தி, முடி கருகும் வாசனை வருகிறதா என்று பார்க்கலாம். எண்ணெய் பாட்டிலை வீட்டில் சோதிக்க அப்படி ஒரு வழியும் இல்லை.

அமெரிக்காவில் ஆன்லைனில் வாங்கிய 84 சி.பி.டி பொருள்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2017-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்தது. லேபிளில் சொன்ன அளவு சரியாக இருந்தது சுமார் 31 சதவிகிதத்தில்தான். 18 பொருள்களில் டி.எச்.சி-யும் இருந்தது. அப்படி ஒரு பாட்டில் இங்கே பிடிபட்டால், 'எனக்குத் தெரியாது' என்ற பதில் எடுபடுமா?

மருந்தாக என்ன நிரூபணம்? அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2018-ல் சி.பி.டி-யில் தயாரான 'எபிடியோலெக்ஸ்' மருந்தை ஏற்றது. அது அரிய வகை வலிப்பு நோய்களுக்கானது. மூட்டுவலி, இடுப்புவலிக்கு அந்த அளவு உறுதியான சான்று இன்னும் இல்லை. சி.பி.டி கல்லீரலைப் பாதிக்கக்கூடும். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் போன்ற மாத்திரைகளின் வேலையையும் மாற்றக்கூடும். இதையெல்லாம் சொல்லி விற்க வேண்டிய பொறுப்பு விற்பவருக்கு இருக்கிறது.

பணம் கட்டும் முன்...

டீலர்ஷிப் என்று யாராவது முன்பணம் கேட்டால், நான்கு விஷயங்களைக் காகிதத்தில் கேட்டு வாங்குங்கள்: ஆயுஷ் உற்பத்தி உரிம எண், இலையிலிருந்து எடுத்தது என்பதற்கான ஆவணம், அந்த பேட்ச் எண்ணுக்கு உரிய ஆய்வக அறிக்கை, ஜி.எஸ்.டி பில். அவற்றை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நான்கில் ஒன்றைக் கொடுக்க மறுத்தாலும் பணத்தைக் கட்டாதீர்கள்.

வலிக்காக வாங்க நினைப்பவர்கள், பாட்டிலுக்குக் கொடுக்கும் ஆயிரங்களில் கொஞ்சத்தை முதலில் எலும்பு மருத்துவருக்கோ பிசியோதெரபிஸ்ட்டுக்கோ கொடுக்கலாம். தறியில் எப்படி உட்காருகிறீர்கள், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறீர்கள் என்பதைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள்.