ஆய்வு தொடங்கும் முன்பே கேட்கப்பட வேண்டிய குரல்

புற்றுநோய்க்கு இன்று நாம் அளிக்கும் ஒவ்வொரு சிகிச்சையும் முன்னொரு காலத்தில் ஓர் ஆய்வாக இருந்ததுதான். அந்த ஆய்வுகளில் பங்கேற்ற நோயாளிகளால்தான் இன்றைய நோயாளிகள் பயன் பெறுகிறார்கள். ஆனால் அவர்களுள் பெரும்பாலோரிடம் ஒரு கேள்வி மட்டுமே கேட்கப்பட்டிருக்கும்: "இதில் சேரச் சம்மதமா?" எதை ஆராய்வது, எதை வெற்றி என்று கருதுவது, நோயாளி எவ்வளவு சிரமத்தைத் தாங்கலாம் என்பவை அதற்கு முன்பே வேறு சிலரால் முடிவு செய்யப்பட்டிருக்கும்.

ஆய்வில் ஒருவராகப் பங்கேற்பது வேறு. ஆய்வைத் திட்டமிடுவதில் பங்கேற்பது வேறு. இரண்டாவது பணியைச் செய்பவரை நோயாளர் பிரதிநிதி என்று அழைக்கிறோம். அவர் நோயிலிருந்து மீண்டவராக இருக்கலாம். இன்னும் சிகிச்சையில் இருப்பவராகவோ நோயாளியைக் கவனித்துக்கொண்ட உறவினராகவோ இருக்கலாம். இப்பணி ஏன் தேவை, அதனால் என்ன மாறியிருக்கிறது, இதில் நோயாளிகளும் குடும்பத்தினரும் எவ்வாறு ஈடுபடலாம் என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

ஒரு பத்திரிகையாளர் மறுத்தது

மார்பகப் புற்றுநோயின் வரலாற்றில் இதற்குத் தெளிவான சான்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர், மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றும் முறையைப் பரப்பினார். பல பத்தாண்டுகள் அமெரிக்காவில் அதுவே வழக்கமான சிகிச்சையாக நீடித்தது. கட்டி இருக்கும் பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுத்துத் திசுவை எடுத்துச் சோதிப்பார்கள். புற்று என்று தெரிந்தால் அவர் கண் விழிப்பதற்கு முன்பே மார்பகத்தை அகற்றிவிடுவார்கள். விழித்த பிறகே தமக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர் அறிவார்.

1974ஆம் ஆண்டு ரோஸ் குஷ்னர் என்னும் பத்திரிகையாளர் தம் மார்பில் கட்டி இருப்பதை அறிந்தார். திசுப் பரிசோதனையை மட்டும் முதலில் செய்யுங்கள், முடிவைத் தெரிந்துகொண்ட பின் சிகிச்சையைப் பற்றி நான் யோசிக்கிறேன் என்று அவர் கேட்டார். மருத்துவர்கள் பலர் மறுத்த பின்னரே அதற்கு இசைந்த ஒருவர் கிடைத்தார். அந்த அனுபவத்தையும் தாம் படித்தறிந்த ஆய்வுகளையும் சேர்த்து, அடுத்த ஆண்டே அவர் ஒரு நூலை வெளியிட்டார்.

அதே காலத்தில் பெர்னார்ட் ஃபிஷர் என்னும் மருத்துவர் இக்கேள்வியை அறிவியல் முறைப்படி ஆராய்ந்துகொண்டிருந்தார். 1971இல் தொடங்கிய ஆய்வில், தசைகளையும் சேர்த்து அகற்றும் பெரிய அறுவையை அதைவிடச் சிறிய அறுவையுடன் ஒப்பிட்டார். 1976இல் தொடங்கிய மற்றோர் ஆய்வில், மார்பகம் முழுவதையும் அகற்றுவதைக் கட்டியை மட்டும் அகற்றுவதுடன் ஒப்பிட்டார். முதல் ஆய்வின் 25 ஆண்டுக் கால முடிவுகளும் இரண்டாம் ஆய்வின் 20 ஆண்டுக் கால முடிவுகளும் 2002இல் வெளிவந்தன. பெரிய அறுவை செய்துகொண்டவர்கள் கூடுதல் காலம் உயிர் வாழவில்லை. கட்டியை மட்டும் அகற்றியவர்களுள் கதிர்வீச்சுச் சிகிச்சையும் பெற்றவர்களில் 14.3 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 39.2 விழுக்காட்டினருக்கும் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. மார்பகத்தைக் காக்கும் அறுவைக்குப் பின் கதிர்வீச்சு ஏன் பரிந்துரைக்கப்படுகிறது என்பதற்கு இதுவே விடை.

இறுதி முடிவுகளுக்கு வெகு முன்னரே, 1979இல், அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழுவில் குஷ்னரும் இடம்பெற்றார். ஆரம்ப நிலை நோய்க்குத் தசைகளை அகற்றும் அறுவை தேவையில்லை என்றும், பெரும்பாலான நோயாளிகளுக்குத் திசுப் பரிசோதனையும் அறுவையும் தனித்தனியே நடைபெற வேண்டும் என்றும் அக்குழு அறிவித்தது. சிறிய அறுவை போதுமா என்ற கேள்விக்கு ஆய்வு விடை தந்தது. முடிவெடுக்கும் வேளையில் நோயாளி விழித்திருக்க வேண்டும் என்பதையோ ஒரு நோயாளிதான் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

நிதி வழங்கும் மேசையில் ஓர் இருக்கை

1991இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கான தேசியக் கூட்டமைப்பு உருவாயிற்று. அவ்வமைப்பினர் ஆறு லட்சம் கடிதங்களைத் திரட்டி ஆட்சியாளர்களிடம் சேர்த்தனர். அவர்களுடைய முயற்சியால் 1993ஆம் நிதியாண்டில் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக 21 கோடி டாலர் பாதுகாப்புத் துறையின் வழியே ஒதுக்கப்பட்டது.

பணத்தைவிட முக்கியமானது, அதைப் பகிர்ந்தளிக்க அத்திட்டம் ஏற்படுத்திய முறை. எந்த ஆய்வுக்கு நிதி வழங்குவது என்று முடிவு செய்யும் குழுக்களில், நோயிலிருந்து மீண்டவர்கள் அறிவியலாளர்களுக்கு இணையான வாக்குரிமையுடன் அமர்கிறார்கள். "இந்த ஆய்வு வெற்றி பெற்றால் நோயாளியின் வாழ்வில் என்ன மாறும்?" என்று அவர்கள் கேட்கிறார்கள். இப்பணிக்கு அடிப்படை அறிவியல் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், அக்கூட்டமைப்பே நோயாளர் பிரதிநிதிகளுக்கு உயிரணு, மரபணு, புள்ளியியல் ஆகியவற்றைக் கற்பிக்கும் பயிற்சிகளையும் நடத்தத் தொடங்கியது.

பிரிட்டனில் 2004இல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி வேறொரு வழியைக் கையாள்கிறது. நோயாளிகள், பராமரிப்பாளர்கள், மருத்துவர்கள் ஆகிய மூவரும் ஒன்றாக அமர்ந்து, விடை காணப்படாத கேள்விகளுள் முதன்மையான பத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்துத் தோன்றும் தொல்லைகள், குடும்பத்தினருக்கு வேண்டிய தகவல் போன்றவை இத்தகைய பட்டியல்களில் மேலே வருகின்றன. நம் மருத்துவமனைக்கு வருவோரும் நாள்தோறும் கேட்பவை இவையே.

எவ்வளவு மருந்து போதும்?

புற்றுநோய் மருந்துகளின் அளவைக் குறிப்பதில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருந்து வந்தது. தாங்க முடியாத பக்க விளைவு தோன்றும் வரை அளவைப் படிப்படியாக உயர்த்தி, அதற்குச் சற்றுக் கீழே நிறுத்துவார்கள். உயிரணுக்களைக் கொல்லும் பழைய மருந்துகளுக்கு இது பொருந்தியது. ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தடுக்கும் புதிய மாத்திரைகளில் ஓர் அளவுக்கு மேல் கூட்டுவதால் பயன் கூடாமல் போகலாம். பக்க விளைவு மட்டும் கூடலாம். அம்மாத்திரைகளைப் பல மாதங்கள், பல ஆண்டுகள் உட்கொள்ள வேண்டியிருப்பதால் இந்த வேறுபாடு அன்றாட வாழ்வையே பாதிக்கும்.

அமெரிக்காவில் உடலின் பிற பகுதிகளுக்கும் பரவிய மார்பகப் புற்றுநோயுடன் வாழ்ந்த பெண்கள் 2019இல் இதற்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1,221 நோயாளிகளிடம் அவர்கள் நடத்திய கருத்தாய்வில், பத்தில் எட்டுப் பேருக்கு மேற்பட்டோர் தமக்குக் கடுமையான பக்க விளைவு ஒன்றேனும் நேர்ந்ததாகத் தெரிவித்தனர். மருந்தின் அளவைப் பற்றி மருத்துவருடன் கலந்து பேச விரும்புவதாகப் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோர் கூறினர். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2021இல், புற்றுநோய் மருந்துகளின் அளவைத் தீர்மானிக்கும் முறையைத் திருத்துவதற்கெனத் தனித் திட்டம் ஒன்றை அறிவித்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இதைப் படித்துவிட்டு எவரும் தாமாக மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. பக்க விளைவுகளை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். "டாக்டர் கோபித்துக்கொள்வார்" என்று அஞ்சிச் சொல்லாமல் விடுவதால் உங்களுக்கும் தீங்கு, ஆய்வுக்கும் தீங்கு.

திண்டுக்கல்லில் நடந்த ஆய்வு

நோயாளர் பிரதிநிதியின் தேவையைப் போலவே, ஓர் ஊர் முழுவதன் ஒத்துழைப்பும் தேவைப்படும் ஆய்வுகள் உண்டு. நம் மாநிலத்தில் நடைபெற்ற ஆய்வொன்று உலக அளவில் பேசப்படுகிறது. 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் ஆய்வு தொடங்கியது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, நிறம் மாறுகிறதா என்று கண்ணால் பார்ப்பதே சோதனை. பயிற்சி பெற்ற செவிலியர்களே அதைச் செய்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு உறைநிலைச் சிகிச்சையையும் அவர்களே அளித்தார்கள்.

சோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர். 2007இல் வெளியான முடிவின்படி, அழைக்கப்பட்ட குழுவில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் ஏற்பட்ட இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. ஆய்வகமும் விலையுயர்ந்த கருவியும் இல்லாத இடத்திலும் உயிர்களைக் காக்கலாம் என்பது நிறுவப்பட்டது. பின்னர் வந்த அரசுத் திட்டங்களுக்கும் இத்தகைய ஆய்வுகள் வழிகாட்டின.

இந்த எண்களில் இரண்டு செய்திகள் உள்ளன. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பெண்கள் வரவில்லை. நோய் இல்லாதபோது எதற்குச் சோதனை என்ற எண்ணம், கூச்சம், ஒருநாள் கூலி போய்விடும் என்ற கவலை, வீட்டில் கேட்க வேண்டிய அனுமதி ஆகியவை இத்தகைய சோதனைகளுக்குப் பெண்கள் வருவதைத் தடுப்பவை. இவற்றை நன்கு அறிந்தவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்களே. முகாமை எங்கே, எந்த நேரத்தில் வைப்பது, யார் வந்து அழைப்பது என்பதை அவர்களிடம் கேட்டு முடிவு செய்தால் வருகை கூடும்.

இரண்டாவது, ஒப்பீட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 30,958 பெண்களைப் பற்றியது. அவர்களுக்கு இச்சோதனை அளிக்கப்படவில்லை. வழக்கமான மருத்துவ வசதியே இருந்தது. இது முறையா என்ற கேள்வி 2014இல் இந்திய மருத்துவ நெறிமுறை இதழில் எழுப்பப்பட்டது. அப்பகுதியில் அப்போது முறையான சோதனைத் திட்டம் எதுவும் இருக்கவில்லை என்றும், ஒப்பீடு இல்லாமல் பயனை நிறுவியிருக்க முடியாது என்றும் அத்தகைய ஆய்வுகளை ஆதரிப்போர் வாதிட்டனர். இரு தரப்பிலும் பேசியவர்கள் அறிஞர்களே. எந்தப் பெண்களைப் பற்றிய வாதமோ அவர்களுடைய கருத்து அதில் அரிதாகவே ஒலித்தது. விடை எதுவாயினும், அந்தக் கேள்வியை ஆய்வு தொடங்கும் முன்பே அவர்களிடம் வைத்திருக்க வேண்டும் என்று நாங்கள் கருதுகிறோம்.

இந்தியச் சட்டம் தரும் உரிமைகள்

புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகளுக்கான 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒவ்வொரு மருந்தாய்வையும் ஒரு நெறிமுறைக் குழு ஆராய்ந்து அனுமதிக்க வேண்டும். குறைந்தது ஏழு உறுப்பினர்கள் கொண்ட அக்குழுவில் மருத்துவர்களோடு சட்டம் அறிந்தவரும் பொதுமக்களுள் ஒருவரும் இடம்பெற வேண்டும். ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளும் ஆய்வுகளில் சமூகத்தின் பங்கேற்பை வலியுறுத்துகின்றன. மருந்தாய்வுகள், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்யப்பட வேண்டும். அப்பதிவேட்டை இணையத்தில் எவரும் பார்க்கலாம்.

பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கம் பெறும் உரிமை உண்டு. காரணம் எதுவும் கூறாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்; அதனால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் பெறலாம்.

ஆய்வில் சேரும் முன் கேட்க வேண்டியவை

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், குடும்பத்தினரோடு அமர்ந்து இவற்றைக் கேளுங்கள்:

1. இந்த ஆய்வு எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது?
2. நான் சேராவிட்டால் எனக்குக் கிடைக்கும் சிகிச்சை எது?
3. குலுக்கல் முறையில் குழுக்கள் பிரிக்கப்படுமா? மற்றக் குழுவினருக்கு என்ன அளிக்கப்படும்?
4. எத்தனை முறை வர வேண்டும்? பயணச் செலவு யாருடையது?
5. கூடுதலாக எத்தனை முறை இரத்தமோ திசுவோ எடுக்கப்படும்? அவை எங்கே பாதுகாக்கப்படும்?
6. ஆய்வு முடிந்த பின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா? முடிவு எங்களுக்குத் தெரிவிக்கப்படுமா?
7. ஆய்வைத் திட்டமிட்டபோது நோயாளிகளின் கருத்துக் கேட்கப்பட்டதா?

ஏழாவது கேள்வியைப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. பலர் கேட்கத் தொடங்கினால், ஆய்வாளர்களும் அதற்கு விடையுடன் வருவார்கள்.

பிரதிநிதியாக விரும்புவோர்க்கு

இதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. ஒப்புதல் படிவத்தின் தமிழ் வடிவம் எளிதில் புரிகிறதா என்று படித்துச் சொல்வதே நல்ல தொடக்கம். தொலைவிலிருந்து பேருந்தில் வருபவர் வாரம் இருமுறை இரத்தப் பரிசோதனைக்காக வர இயலுமா, கீமோ முடிந்த மறுநாள் நாற்பது கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்ப முடியுமா என்பவற்றை அனுபவித்தவர்களே சொல்ல முடியும்.

இரண்டு பண்புகள் தேவை. முதலாவது, தம் அனுபவத்தோடு பிறர் அனுபவத்தையும் கேட்டறிந்து பேசுவது. நகரத்தில் வசதியோடு சிகிச்சை பெற்றவர், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விவசாயக் கூலித் தொழிலாளியின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, சார்பின்மை. மருந்து நிறுவனத்திடமிருந்து பணமோ பயண உதவியோ பெற்றிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ஆய்வாளர்களுக்கும் கடமை உண்டு: பிரதிநிதிகளைப் பெயரளவில் அமர்த்தாமல், திட்டம் எழுதப்படும் நிலையிலேயே அழைக்க வேண்டும், அவர்கள் செலவிடும் நேரத்துக்கும் பயணத்துக்கும் ஈடு செய்ய வேண்டும், அவர்கள் கருத்தை ஏற்காதபோது காரணம் கூற வேண்டும்.

சிகிச்சையில் இருப்பவர்கள் இதை ஒரு கூடுதல் கடமையாக எண்ண வேண்டியதில்லை. உடல் நலமே முதன்மையானது. சிகிச்சை முடிந்து ஓரளவு தேறியவர்களும், உறவினரைப் பராமரித்தவர்களும், பராமரித்து இழந்தவர்களும் முன்வரலாம். விருப்பமுள்ளோர் அடுத்த முறை மறுபரிசோதனைக்கு வரும்போது நம் மருத்துவச் சமூகப் பணியாளரிடமோ செவிலியரிடமோ தெரிவிக்கலாம். சிகிச்சையின்போது உங்களை மிகவும் வருத்தியது எது, எந்தக் கேள்விக்கு எவரிடமும் விடை கிடைக்கவில்லை என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தால் போதும். அதிலிருந்து பேசத் தொடங்குவோம்.