வயல் சேற்றிலும் பவளக் கல்லிலும்

மீன் தன் கழிவுக்குள்ளேயே மூச்சுவிட வேண்டிய பிறவி. ஆடும் மாடும் சாணியைப் போட்டுவிட்டு அடுத்த வரப்புக்கு நகர்ந்துவிடும். மீனுக்கு அந்த வசதி இல்லை. அதன் செவுள் வழியாக இரவும் பகலும் அமோனியா கசிந்துகொண்டே இருக்கிறது. ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராம் அளவுக்குக்கூடப் போக வேண்டாம், அதற்கு முன்பே அந்த அமோனியா அதே செவுளைப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். இத்தகைய இக்கட்டில் பிறந்த உயிர்கள் ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவின் பவளப் பார்களில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வாழ்கின்றன. ஆனாலும் அங்கே அமோனியா தேங்குவதில்லை. அலையும் நீரோட்டமும் கழிவைக் கலைத்துக்கொண்டு போகும் என்பது உண்மைதான். ஆனால் கலைத்தால் மட்டும் கழிவு தீர்ந்துவிடாது. ஒரு கல்லின் துளைக்குள்ளும் ஒரு கைப்பிடி மணலுக்குள்ளும் படைத்தவன் வைத்திருக்கும் ஏற்பாடுதான் அதைத் தீர்க்கிறது.

இதை உணரக் கடலுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. தேனியிலோ சின்னமனூரிலோ கம்பத்திலோ வீட்டுக் கூடத்தில் சிறியதாக ஒரு கடல்மீன் தொட்டி வைத்துப் பார்த்தால் போதும். கடல் இங்கிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. நமக்குக் கிடைப்பது பெரியாற்று நீர். 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இறங்கி, லோயர் கேம்ப்பைத் தாண்டி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என்று பள்ளத்தாக்கு முழுவதையும் நனைத்துவிட்டு வைகையில் சேரும் தண்ணீர். குடிப்பதற்கு எவ்வளவு நல்லதானாலும் அதை அப்படியே கடல் தொட்டியில் ஊற்ற முடியாது. குழாய் நீரில் குளோரின் இருக்கும். உரம் போட்ட வயல்களுக்கு நடுவே உள்ள கிணற்று நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருக்கலாம். ஆகவே ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த நீரை எடுத்து, அதில் கடல்நீருக்கென்றே விற்கும் உப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். கடலில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அந்த அளவுக்கு வந்ததும், வெப்பத்தை 25 முதல் 27 டிகிரிக்குள் நிறுத்திவிட்டால், பார்வைக்கு அது கடல்நீர்தான். அதில் ஒரு மீனை விட்டால் சில நாளில் செத்துப்போகும். உப்பும் சூடும் அளவும் சரியாக இருந்தும், அந்த நீரில் உழைக்க உயிர் எதுவும் இன்னும் வந்து சேரவில்லை.

அந்த உயிர்களை 1890 வாக்கில் சூரிச் நகரில் பிரித்துக் காட்டியவர் ரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் ஒரு கூட்டம், அந்த நைட்ரைட்டை வாங்கி நைட்ரேட்டாக மாற்றும் இன்னொரு கூட்டம். அவற்றுக்குச் சூரிய வெளிச்சம் வேண்டாம், சோறு வேண்டாம். மற்றவர்க்கு நஞ்சான பொருளைக் காற்றோடு சேர்த்து எரித்து, அதில் கிடைக்கும் சொற்ப ஆற்றலைக் கொண்டு, நீரில் கரைந்த கரியமில வாயுவிலிருந்து தம் உடலைத் தாமே கட்டிக்கொள்கின்றன. ஒன்றின் கழிவு இன்னொன்றின் உணவு என்பதை நாம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். கொஞ்சம் நின்று பார்த்தால்தான் உடல் சிலிர்க்கிறது. செவுளை எரிக்கும் நஞ்சையே தின்று வளரும்படி ஓர் உயிரை அமைத்தது எந்த ஞானம்!

2005-இல் வந்த செய்தி இன்னும் வியப்பானது. அமெரிக்காவின் சியாட்டில் நகரக் காட்சியகத்தில் வெப்பமண்டல மீன்கள் வாழ்ந்த ஒரு கடல்நீர்த் தொட்டியின் அடிச் சரளையிலிருந்து, பாக்டீரியா வகையில் சேராத ஒரு நுண்ணுயிரை ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். ஆர்க்கியா எனும் தொல்லுயிர் இனம். அதற்கு நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் என்று பெயர். நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அதுவும் அமோனியாவைத்தான் உண்கிறது. இதன் உறவினர்கள் உலகப் பெருங்கடல்களில் எண்ணி மாளாத அளவுக்கு நிறைந்திருக்கிறார்கள் என்பது தெரிந்ததும், கடலின் நைட்ரஜன் கணக்கையே திருத்தி எழுத வேண்டியதாயிற்று. பெருங்கடலின் ரகசியம் ஒரு மீன் தொட்டியின் சரளைக்குள் கிடைத்திருக்கிறது. வீட்டுத் தொட்டியைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று சொல்பவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்வதுண்டு.

எனவே வடிகட்டி அமைப்பது என்றால், இந்த உயிர்கள் குடியிருக்க இடம் கட்டிக்கொடுப்பது. துளைகள் நிறைந்த செராமிக் வளையங்கள், நுண்துளைக் கற்கள், இரண்டு மூன்று விரற்கடை உயரத்துக்குப் கடைகளில் கிடைக்கும் சுண்ணச் சரளை. அவற்றின் ஊடே இடைவிடாமல் நீர் ஓட ஒரு மோட்டார். தொட்டிக்குள் மணிக்கு அதன் கொள்ளளவைப் போல் பத்து இருபது மடங்கு நீர் சுழல வேண்டும். பவளம் வளரும் கடலில் அலை ஓய்வதே இல்லை அல்லவா. பிறகு துளி அமோனியாவை மட்டும் நீரில் சேர்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புக்குப் பொறுமை வேண்டும். குடலில் வாழும் பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிக்கும் என்றால், இவை இரட்டிக்கப் பல மணி நேரம், சில வேளை ஒரு நாளே ஆகும். அவ்வளவு மெலிந்த உணவில் வாழும் உயிர் அப்படித்தான் வளரும். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம்.

அந்த வாரங்களில் பரிசோதனைக் குப்பியைக் கையில் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் காட்சி வேறு யாருக்கும் கிடைக்காது. முதல் வாரம் அமோனியாக் குப்பியில் சொட்டு மருந்தைவிட்டால் நீர் பச்சையாகும். நாளாக நாளாகப் பச்சை வெளுத்து மஞ்சளுக்கு வரும். அதே நாட்களில் நைட்ரைட்டுக்கான குப்பி நீலத்திலிருந்து ஊதாவுக்கு ஏறும். பிறகு ஒரு காலையில் அமோனியாக் குப்பி மஞ்சள், நைட்ரைட் குப்பி தெளிந்த நீலம். தொட்டியை வெளியிலிருந்து பார்த்தால் நேற்று இருந்த தண்ணீரும் இன்று இருக்கும் தண்ணீரும் ஒன்றுதான். ஆனால் நேற்றைய நீர் மீனைக் கொன்றிருக்கும், இன்றைய நீரில் மீன் வாழும்.

மிஞ்சுவது நைட்ரேட். நஞ்சு குறைவு, ஆனால் சேர்ந்துகொண்டே போகும். இதற்கும் வழி வகுக்கப்பட்டிருக்கிறது. துளைக்கல்லின் மேற்பரப்பில் ஆக்சிஜன் தாராளம். உள்ளே போகப் போக மேலே இருக்கும் உயிர்களே அதைத் தீர்த்துவிடுவதால், கல்லின் உட்புறம் ஆக்சிஜனே இல்லாத இருட்டறையாகிறது. அங்கே வேறொரு கூட்டம் குடியிருக்கிறது. மூச்சுவிடக் காற்று கிடைக்காத அந்த உயிர்கள் நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனை உருவிச் சுவாசிக்கின்றன. எஞ்சும் நைட்ரஜன் வாயுவாகி, குமிழாகக்கூடத் தெரியாமல் காற்றோடு கலந்துவிடுகிறது. மேலே ஒரு வேலை, கீழே நேர்மாறான வேலை, இரண்டுக்கும் ஒரே கல். 1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் பெரிய வடிகட்டிகள் எதுவும் இல்லாமல், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கற்களும் சிறிது காற்றுக் குமிழும் கொண்டே பவளத்தை வளர்த்த முறையை எழுதி வெளியிட்டார். கல் என்ன வேலை செய்கிறது என்பது உலகத்துக்கு விளங்கப் பின்னும் பல ஆண்டு ஆயிற்று.

இதே அமைப்பு கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு இருமுறை விரிகிறது. இங்கே 14,707 ஏக்கரில் இருபோக நெல். நாற்று நட்டுத் தண்ணீர் கட்டிய வயலில், சேற்றின் மேல் படலம் மட்டும் காற்றுப் பட்டுச் செம்பழுப்பாக இருக்கும். விரலை உள்ளே விட்டால் கருஞ்சாம்பல் சேறு, லேசான வாடை. மேல் படலத்தில் அமோனியாவை நைட்ரேட்டாக்கும் உயிர்கள், அடியில் நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்றும் உயிர்கள். பவளக் கல்லுக்குள் இருப்பது எதுவோ அதுவே இங்கேயும். இதனாலும் நெல்லுக்குப் போட்ட யூரியாவில் ஒரு பங்கு காற்றில் போய்விடுகிறது. இதைத் தடுக்கத்தான் யூரியாவோடு ஜிப்சத்தையும் வேப்பம்புண்ணாக்கையும் ஐந்துக்கு நான்கு, ஒன்று என்ற விகிதத்தில் கலந்து ஓர் இரவு வைத்திருந்து போடச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம். 2015 முதல் யூரியாவே வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. வேம்பின் கசப்பு, அமோனியாவை மாற்றும் அந்த நுண்ணுயிர்களின் வேகத்தைக் குறைக்கும்.

வயலில் உழவர் இவற்றிடம் "மெதுவாக" என்கிறார், தொட்டிக்காரர் "சீக்கிரம்" என்று ஏங்குகிறார். இரண்டு இடத்திலும் கேட்பது ஒரே குலத்தாரிடம். மலையடிவாரத்துச் சேற்றுக்கும் கடலின் பவளக் கல்லுக்கும் ஒரே சட்டம் எழுதப்பட்டிருப்பதை எண்ணும்போது கைகூப்பத்தான் தோன்றுகிறது எனக்கு.

வடிகட்டியில் இன்னொரு உறுப்பும் உண்டு. புரோட்டீன் ஸ்கிம்மர் என்பார்கள். உயரமான ஒரு குழாயில் மிக நுண்ணிய காற்றுக் குமிழ்களை நீரோடு கலக்கும் கருவி. மீன் கழிவின் கொழுப்பும் புரதமும் குமிழின் தோலில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறி நுரையாகத் திரண்டு ஒரு கிண்ணத்தில் வழியும். வெல்லம் காய்ச்சுபவர் கொப்பரையில் திரளும் அழுக்கைக் கோரி எடுப்பது போல, அமோனியாவாக அழுகும் முன்பே கழிவை வெளியேற்றிவிடலாம். கிண்ணத்தைத் திறந்தால் கறுத்த டிக்காஷன் நிறம், மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம். இது ஆற்று நீரில் சரியாக வேலை செய்யாது. நன்னீரில் குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். உப்புநீரில் அவை சிறியதாகவே, தனித்தனியாகவே நிற்கும். தனுஷ்கோடிக் கரையில் அலை உடைந்து நுரை ஒதுங்கும்போதெல்லாம் கடல் இதையே செய்துகொண்டிருக்கிறது.

பவளப் பாரில் இவற்றுக்கும் மேலாகக் கடற்பஞ்சுகள் உண்டு. கரைந்துபோய் வேறு யாருக்கும் பயன்படாத கழிவை அவை உறிஞ்சி, தம் உடல் செல்களை மணிக்கணக்கில் புதுப்பித்துப் பழையவற்றை உதிர்த்து, நண்டுக்கும் புழுவுக்கும் இரையாக்குகின்றன. 2013-இல் கரீபியக் கடலில் கண்டறிந்த உண்மை இது. சத்து மிகக் குறைந்த நீரில் இத்தனை உயிர்க்கூட்டம் எப்படி என்று டார்வின் காலத்திலிருந்து கேட்கப்பட்டு வந்த கேள்விக்கு ஒரு பகுதி விடை அதில் கிடைத்தது. கடல் அட்டைகள் மணலை விழுங்கிச் சுத்தமாக்கி வெளியே விடுகின்றன. ஒவ்வொன்றைப் பற்றியும் தனியாக எழுதலாம்.

இவ்வளவு அருமையான கல்லைத்தான் நாம் ஒரு காலத்தில் வெட்டிச் சுண்ணாம்புக்கு எரித்தோம். பாறையை இழந்து, அலை அரிப்புக்கு ஆளாகி, விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போயின. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாகியும் கல் எடுப்பது உடனே நிற்கவில்லை. 2001-இல் பவளங்களையும் கடல் அட்டையையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகே ஓய்ந்தது. ஆகவே தொட்டி வைக்கும் நண்பர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மண்டபத்திலோ ராமேஸ்வரத்திலோ கிடைக்கிறது என்று உயிருள்ள கல்லையோ பவளத்தையோ வாங்காதீர்கள், பரிசாகக் கொடுத்தாலும் எடுத்து வராதீர்கள். அது குற்றம், அதைவிடப் பெரிய பாவம். நுண்ணுயிருக்குச் செராமிக் கல்லும் வீடுதான். மீன் வேண்டுமானால் குஞ்சுப் பண்ணையில் பிறந்த கோமாளி மீன் இருக்கிறது. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பாரிலிருந்து ஒரு மீனைக்கூடக் குறைக்க வேண்டியதில்லை.

வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். வடிகட்டிக் கற்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். குளோரின் பட்டால் ஆறு வாரத்து உழைப்பு வீணாகிவிடலாம். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுங்கள். மின்சாரம் போகும்போது பலரும் மீனைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மூடிய வடிகட்டிக்குள் நீரோட்டம் நின்றால், அங்கே குடியிருப்பவை சில மணி நேரத்திலேயே மூச்சுத் திணறத் தொடங்கும். பேட்டரியில் ஓடும் சிறிய காற்று பம்ப் ஒன்றை வாங்கித் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள். கரண்ட் போனால் வடிகட்டியின் மூடியைத் திறந்து, முதலில் அந்தக் கற்களுக்குக் காற்றுக் குழாயை விடுங்கள். அடுத்தது மீனுக்கு.