விதிவிலக்கே இல்லாத மொழி! எஸ்பெராண்டோ முதல் பாடம்

வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தார்கள், வந்தன... தமிழைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் வெளிநாட்டுக்காரர் ஒருவர், ‘வா’ என்ற ஒரே ஒரு எழுத்தில் ஆரம்பித்து இத்தனை வடிவங்களையும் மனப்பாடம் செய்தாக வேண்டும். “அது சரி, ‘வா’ எப்படி ‘வந்து’ ஆனது?” என்று அவர் கேட்டால், நம்மில் பலரிடம் பதில் இருக்காது. ஆங்கிலத்தில் ‘கோ’ என்பது ‘வென்ட்’ ஆவது ஏன் என்று பள்ளியில் கேட்டபோது நமக்கும் பதில் கிடைக்கவில்லை. மொழி என்றால் அப்படித்தான் என்று பழகிவிட்டோம்.

‘அப்படி இருக்க வேண்டிய அவசியமில்லை’ என்று சொன்ன ஒரு மொழி இருக்கிறது. அதில் ‘வேனிஸ்’ என்றால் வருகை முடிந்துவிட்டது என்று அர்த்தம். வந்தது நானா, நீங்களா, ஊர்க்காரர்கள் அத்தனை பேருமா என்ற கவலையே வேண்டாம். எல்லோருக்கும் ஒரே ‘வேனிஸ்’தான்! அந்த மொழியின் பெயர் எஸ்பெராண்டோ. இது மக்கள் வாயில் தானாக வளர்ந்த மொழியல்ல. ஒரு மனிதர் உட்கார்ந்து உருவாக்கியது.

நான்கு மொழிகள்... ஒரே தெரு!

அந்த மனிதர் லுட்விக் சாமன்ஹோஃப். 1859-ல் பியாலிஸ்டோக் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இன்று போலந்தில் இருக்கும் அந்த ஊர், அன்று ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்தது. ரஷ்யர், போலந்துக்காரர், ஜெர்மானியர், யூதர் என நான்கு தரப்பினரும் அங்கே இருந்தார்கள். ஆளுக்கொரு மொழி. ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடும் பகையோடும்தான் பார்த்தார்கள். ‘மனிதர்கள் எல்லோரும் சகோதரர்கள் என்று வீட்டில் சொல்லிக் கொடுத்தார்கள். தெருவில் இறங்கினால் மனிதர்களையே காணோம். ரஷ்யரும் ஜெர்மானியரும் யூதருமாகத்தான் இருந்தார்கள்’ என்ற பொருளில் பின்னாளில் ஒரு கடிதத்தில் தன் சிறுவயதை நினைவுகூர்ந்திருக்கிறார்.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொழி, அதுவும் யாருக்கும் சொந்தமில்லாத மொழி இருந்தால்? பள்ளிக்கூடத்திலேயே யோசிக்கத் தொடங்கிவிட்டார். ஆனால், அகராதி மலைபோலக் குவிந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சொல் என்றால் யார் மனப்பாடம் செய்வது?

விடை தெருவிலேயே கிடைத்தது. ஒரு பலகையில் வாயிற்காவலர் அறை என்று ரஷ்ய மொழியில் எழுதியிருந்தது. இன்னொன்றில் இனிப்புக் கடை. இரண்டு சொற்களும் ‘ஸ்காயா’ என்றே முடிந்தன. ஒரே விகுதியை வைத்துக்கொண்டு பல சொற்களைப் பிறப்பிக்கலாம் என்பது அவருக்குப் பளிச்சென்று புரிந்தது.

பிறகு அவர் கண் மருத்துவரானார். புத்தகத்தை வெளியிடப் பதிப்பாளர் கிடைக்கவில்லை. கடைசியில் மாமனாராக வரவிருந்தவர் பணம் கொடுக்க, 1887 ஜூலையில் வார்சாவில் ஒரு சின்னப் புத்தகம் வெளிவந்தது. அதில் 16 இலக்கண விதிகளும் சுமார் 900 வேர்ச்சொற்களும் இருந்தன. சொந்தப் பெயரைப் போடாமல் ‘டாக்டர் எஸ்பெராண்டோ’ என்று போட்டுக்கொண்டார். ‘நம்பிக்கை கொண்டிருப்பவர்’ என்பது அதன் பொருள். அந்தப் புனைபெயரே மொழியின் பெயராக நிலைத்துவிட்டது.

சரி, பாடத்துக்குப் போகலாமா? பேப்பர், பேனா இருந்தால் போதும்.

பாடம் 1: கடைசி எழுத்தைப் பாருங்கள்

ஒரு சொல் ‘ஓ’ என்று முடிந்தால் அது பெயர்ச்சொல். பாத்ரோ என்றால் அப்பா, லீப்ரோ என்றால் புத்தகம். லைப்ரரி என்கிறோமே, அதே வேர்தான்.

‘ஆ’ என்று முடிந்தால் அடைமொழி. ‘போனா’ என்றால் நல்ல. இதில் வருவது ‘பல்பு’ என்று சொல்லும்போது முதலில் வருகிற ப. போனா லீப்ரோ, நல்ல புத்தகம்.

ஒன்றுக்கு மேல் இருந்தால் ‘ய்’ சேருங்கள். போனாய் லீப்ரோய், நல்ல புத்தகங்கள். பெயருக்கு என்ன விகுதியோ, அடைமொழிக்கும் அதுவே.

வினைக்கு மூன்று காலம், மூன்று விகுதி. ‘ஆஸ்’ நிகழ்காலம், ‘இஸ்’ இறந்தகாலம், ‘ஓஸ்’ எதிர்காலம். மி லேகாஸ், நான் படிக்கிறேன். மி லேகிஸ், படித்தேன். மி லேகோஸ், படிப்பேன். ‘மி’யை எடுத்துவிட்டு ‘வி’ போட்டால் நீ அல்லது நீங்கள். மாமனாருக்கும் வி, மச்சானுக்கும் வி. மரியாதைப் பன்மை இல்லாதது நமக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்!

பாடம் 2: இங்கே தமிழருக்குக் கொண்டாட்டம்!

எஸ்பெராண்டோ படிக்கும் ஆங்கிலேயர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் ‘ன்’ என்ற விகுதி. செயலுக்கு உள்ளாகும் பொருளோடு அது ஒட்டிக்கொள்ளும்.

லா கத்தோ வீதாஸ் லா மூசோன். கத்தோ பூனை, மூசோ எலி, வீதாஸ் பார்க்கிறது. பூனை எலியைப் பார்க்கிறது.

புரிந்ததா? நாலாம் வகுப்பில் படித்த இரண்டாம் வேற்றுமை உருபு ‘ஐ’தான் அந்த ‘ன்’! அதனால், சொற்களை இடம் மாற்றினாலும் கவலையில்லை. லா மூசோன் வீதாஸ் லா கத்தோ. எலியைப் பார்க்கிறது பூனை. இரண்டு மொழியிலும் பூனை பூனையாகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் இப்படி மாற்றினால், எலி பூனையைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

கேள்விச் சொற்களும் அப்படியே. நமக்கு எங்கே-அங்கே, எப்போது-அப்போது, எப்படி-அப்படி. அவர்களுக்கு கீயே-தீயே, கீயாம்-தீயாம், கீயேல்-தீயேல். நம் ‘எ’ இருக்கும் இடத்தில் ‘கீ’, ‘அ’ இருக்கும் இடத்தில் ‘தீ’. இப்படிச் சீராக அடுக்கிய 45 சொற்கள் ஒரே அட்டவணையில் அடங்கிவிடுகின்றன.

எண்களைப் பாருங்கள். தூ என்றால் 2, தெக் என்றால் 10. தோசைக்குச் சொல்கிற ‘த’வைப் போட்டுச் சொல்ல வேண்டும். தூதெக் என்றால் 20. இரண்டு பத்து சேர்ந்த நம் ‘இருபது’ போலவே! நவ் என்றால் 9, நவ்தெக் 90. நாம் இந்த இடத்தில் திடீரென்று ‘தொண்ணூறு’ என்று தாவுவோம். எஸ்பெராண்டோ தாவாது.

பாடம் 3: ஒரு வேர், ஒரு தோப்பு

‘மல்’ என்று முன்னால் சேர்த்தால் எதிர்ப்பதம். போனா நல்ல, மல்போனா கெட்ட. வார்மா சூடான, மல்வார்மா குளிர்ந்த. யூனா இளைய, மல்யூனா வயதான.

கண் மருத்துவர் செய்த மொழி என்பதால், மருத்துவமனைக்கே போய்ப் பார்ப்போம். ‘சானா’ என்றால் உடல்நலமுள்ள. ‘மல்சானா’ நோயுற்ற. ஆளைக் குறிக்கும் ‘உல்’ விகுதியைச் சேர்த்தால் ‘மல்சானூலோ’, நோயாளி. இடத்தைக் குறிக்கும் ‘ஏய்’ விகுதியையும் சேர்த்தால் ‘மல்சானுலேயோ’, நோயாளிகள் இருக்கும் இடம், அதாவது மருத்துவமனை! தெரிந்த ஒரே வேர் ‘சான்’. மற்றதெல்லாம் ஒட்டுவேலை. ‘ஓடவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும்’ என்று ஒரே மூச்சில் ஒட்டிப் பேசும் நமக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்?

அதே ‘ஏய்’ விகுதிதான், கற்பதைக் குறிக்கும் ‘லெர்னி’யிலிருந்து பள்ளிக்கூடத்தை உண்டாக்குகிறது: லெர்னேயோ. சமைப்பதைக் குறிக்கும் ‘குயீரி’யிலிருந்து சமையலறை: குயிரேயோ.

உறவுமுறைக்கும் ஒட்டுவேலைதான். பாத்ரோ அப்பா, பத்ரீனோ அம்மா. முன்னால் ‘போ’ சேர்த்தால் திருமணத்தால் வந்த உறவு. மாமியார் ‘போபத்ரீனோ’. தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரி ஒலித்தால் சாமன்ஹோஃப் பொறுப்பல்ல!

இப்போது ஒரு சின்னப் பயிற்சி. ‘என்’ என்றால் உள்ளே என்பது மட்டும் புதுசு. அகராதியைத் தொடாமல் இதைப் படியுங்கள்: லா பத்ரீனோ லேகாஸ் போனான் லீப்ரோன் என் லா குயிரேயோ.

அம்மா சமையலறையில் நல்ல புத்தகம் ஒன்றைப் படிக்கிறார். சரியாக வந்ததா? லியோ டால்ஸ்டாய் இரண்டு மணி நேரம் கூடச் செலவிடாமல் இந்த மொழியைப் படித்துப் புரிந்துகொள்ளும் நிலைக்கு வந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்.

குறையே இல்லையா?

இருக்கிறது. உலகம் முழுமைக்கும் என்று சொன்னாலும், சொற்களில் மிகப் பெரும்பாலானவை ஐரோப்பிய வேர்களிலிருந்து வந்தவை. இத்தாலிக்காரர் பாதியைக் கேட்டதுமே ஊகித்துவிடுவார். நமக்கோ ஜப்பானியருக்கோ அந்தச் சலுகை இல்லை. அடுத்தது, அம்மாவுக்குத் தனியாக ஒரு வேர் இல்லை. அப்பாவோடு விகுதி ஒட்டித்தான் அம்மா பிறக்கிறார். இது நியாயமா என்று எஸ்பெராண்டோ பேசுபவர்களே கேட்கிறார்கள். அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோரும் ஒரே ‘ஓன்க்லீனோ’வுக்குள் அடங்கிவிடுவதும் நமக்குப் பெரிய இழப்புதான்.

பகையை ஒழிக்க வந்த மொழிக்குள்ளேயே பகையும் வந்தது. 1907-ல் ஒரு குழு எழுத்துகளையும் விதிகளையும் திருத்தி ‘இடோ’ என்ற புது மொழியோடு தனியாகப் பிரிந்தது. இலக்கணத்தில் விதிவிலக்குகளை ஒழித்துவிடலாம். மனிதர்களின் சண்டையை அவ்வளவு சுலபமாக ஒழிக்க முடியவில்லை.

ஒரு கோடி வேண்டும்... கிடைத்தது ஆயிரம்!

முதல் புத்தகத்தோடு சாமன்ஹோஃப் உறுதிமொழிச் சீட்டுகளையும் சேர்த்திருந்தார். ‘ஒரு கோடிப் பேர் இதே உறுதியைக் கொடுத்தால் நானும் கற்கிறேன்’ என்று கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். ஆனால், வந்தவை ஆயிரம் சொச்சம்தான். அவர் சோர்ந்துபோகவில்லை. அந்த ஆயிரம் பேரின் முகவரிகளை அச்சிட்டு, ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்ள வழி செய்தார். மொழியின் மீது தனக்கிருந்த உரிமையையும் விட்டுக்கொடுத்தார். 1905-ல் பிரான்ஸின் பூலோன் நகரில் முதல் உலக மாநாடு நடந்தபோது 688 பேர் வந்திருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் இல்லாமலேயே பேசிச் சிரித்தார்கள்.

1917-ல் சாமன்ஹோஃப் இறந்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள். கடைசி மகள் லிடியா, எஸ்பெராண்டோ ஆசிரியை ஆனார். அவர் பின்பற்றியது ஆந்த்ரேயோ சே என்ற பாதிரியார் வகுத்த முறை. ஆசிரியருக்கு மாணவர்களின் மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை, பாடப்புத்தகமும் வேண்டாம். கையில் கிடைக்கும் பொருளைக் காட்டிக் கேள்வி கேட்பார், வகுப்பு மொத்தமும் சேர்ந்து பதில் சொல்லும். முதல் நாளே பேச்சு, முதல் நாளே சிரிப்பு. இப்படி ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் கற்பித்த லிடியா, 1937-ல் அமெரிக்காவுக்கும் போனார். அங்கே விசாவை நீட்டிக்க மறுத்துவிட்டார்கள். 1938-ன் இறுதியில் போலந்துக்குத் திரும்பினார்.

அடுத்த ஆண்டு நாஜிப் படைகள் வந்தன. யூதர்கள் ஒன்றுகூடிச் சதி செய்யும் மொழி என்று எஸ்பெராண்டோவை ஹிட்லர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். அண்ணன் ஆதாம் 1940-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கா சோஃபியாவும் லிடியாவும் 1942-ல் ட்ரெப்லிங்கா வதைமுகாமில் உயிரிழந்தார்கள். ஸ்டாலின் ஆட்சியிலும் இந்த மொழி பேசியவர்கள் கைது செய்யப்பட்டார்கள். வெளிநாட்டுக்காரரோடு கடிதம் எழுதிக்கொள்வதே அப்போது சந்தேகத்துக்குரிய குற்றம்.

இன்றும் தொடரும் முதல் பாடம்

ஆனாலும் மொழி சாகவில்லை. ஆண்டுதோறும் உலக மாநாடு நடக்கிறது. எஸ்பெராண்டோ பேசும் பயணிகளைத் தங்கள் வீட்டில் இலவசமாகத் தங்கவைக்கும் ‘பாஸ்போர்தா செர்வோ’ ஏற்பாடு 1974 முதல் இயங்குகிறது. வெவ்வேறு நாட்டைச் சேர்ந்த அப்பாவும் அம்மாவும் எஸ்பெராண்டோவில் பேசிக்கொள்வதால், அதையே தாய்மொழிகளில் ஒன்றாகக் கேட்டு வளரும் குழந்தைகளும் இருக்கிறார்கள். 2015 முதல் டுவோலிங்கோ செயலியிலும் பாடங்கள் கிடைக்கின்றன.

இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்றால், கிடைக்காது. ஆங்கிலத்தின் இடத்தை இது பிடிக்கப்போவதும் இல்லை. ஆனால், ஆங்கிலம் பேசும்போது தப்பாகிவிடுமோ என்று நாம் தயங்குகிறோமே, அந்தத் தயக்கம் இங்கே யாருக்கும் இல்லை. எதிரில் இருப்பவரும் ஒரு நாள் இதே முதல் பாடத்தில், இதே ‘ஓ’விலும் ‘ஆ’விலும் திணறியவர்தான். யாருக்கும் சொந்த வீடாக இல்லாததால், வருகிற எல்லோரும் விருந்தாளிகள்.

முடிக்கும்முன் கடைசிப் பயிற்சி. ‘எஸ்பேரி’ என்றால் நம்பிக்கை வைத்தல். காலம் காட்டும் விகுதிகள் உங்களுக்குத் தெரியும். ‘நி’ என்றால் நாம்.

நி எஸ்பேரிஸ். நி எஸ்பேராஸ். நி எஸ்பேரோஸ்.

இதற்கு விளக்கம் தேவையில்லைதானே?