மழைக்காலத்துக்கு மாட்டு ஊறுகாய்!



மாங்காய் ஊறுகாய் தெரியும், எலுமிச்சை ஊறுகாய் தெரியும். புல்லிலும் ஊறுகாய் போடலாம் என்பது தெரியுமா? நமக்கு இல்லை, மாட்டுக்கு! இதற்கு ஊறுகாய்ப் புல் என்று பெயர். சைலேஜ் என்றும் சொல்வார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வைக்கோல் போர் நனைந்து பூஞ்சணம் பிடிக்கும். வயலெல்லாம் தண்ணீர் நிற்கும், மாட்டை மேய்ச்சலுக்கு அவிழ்க்க முடியாது. எங்க வீட்டில் கறவை மாடு ஒண்ணுதான். சொசைட்டிக்கு ஊற்றுகிற பால் பணத்தில்தான் மளிகைக் கடைப் பாக்கியைக் கொடுக்கிறோம். தீவனம் குறைஞ்சா பாலும் குறையும். ஆனால் புரட்டாசியில் எங்க கொல்லையில் கோ-4 புல் ஆள் உயரம் நிற்கும். அப்போது மிஞ்சுகிற புல்லைத்தான் சேர்த்து வைக்க வேண்டும்.

போன வருஷம் நான்தான் அப்பாகிட்ட சொல்லி டிரம்மில் போட வைத்தேன். அறுக்கும்போதே தூறல். ஈரத்தோடயே நறுக்கி அமுக்கினோம். பாதி டிரம் போட்டதும் மழை வலுத்துவிட்டது. மீதியை மறுநாள் போட்டோம். 40 நாள் கழித்துத் திறந்தால் கறுப்பா, கொழகொழன்னு, ஒரே நாற்றம்! மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்பா ஒண்ணும் பேசாமல் எருக்குழியில் கொட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏன் கெட்டது?

பாலைத் தயிராக்குகிற லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் இனம்தான் புல்லையும் புளிக்க வைக்கிறது. அவை புல்லில் உள்ள சர்க்கரையை அமிலமாக மாற்றும். அந்த அமிலத்தில் கெட்ட கிருமிகள் வளராது. இதற்குக் காற்று இருக்கக் கூடாது. ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் மேலே நிற்கணும் என்று அப்பாயி சொல்றதும் இதற்குத்தான். தண்ணீர் அதிகமானாலோ வேறு கிருமிகள் பெருகி பியூட்டிரிக் அமிலம் உண்டாகும். அந்த நாற்றம் அதுதான். நாங்கள் ஈரத்தையும் விட்டோம், ராத்திரி முழுக்கக் காற்றையும் விட்டோம்!

இந்த வருஷம் செய்த முறை

1. மழை விட்ட நேரம் பார்த்து அறுத்து, கொட்டகைக்குள் 2, 3 மணி நேரம் பரப்பி வாட விட்டோம்.

2. விரல் அகலத்துக்கும் குறைவாக நறுக்கினோம். சிறிசா நறுக்கினால்தான் இடையில் காற்று நிற்காது.

3. கையில் இறுக்கிப் பிழிந்து பார்த்தோம். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். கையை விரித்ததும் உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. மெதுவாக விரிந்து, உள்ளங்கை மட்டும் ஈரமானால் சரியான பதம்.

4. எங்களுக்குச் சொட்டியது. வெயிலோ இல்லை. அதனால் காய்ந்த வைக்கோலை நறுக்கிக் கலந்தோம். கணக்கைப் பாருங்கள்: 100 கிலோ புல்லில் 80 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோ வைக்கோலில் 2 கிலோதான் தண்ணீர். கலந்தால் 120 கிலோவில் 82 கிலோ, அதாவது சுமார் 68 சதவீதம். 65 முதல் 70 வரை இருந்தால் நல்லது. பூஞ்சணம் பிடித்த வைக்கோலைச் சேர்க்கவே கூடாது.

5. வைக்கோலில் சர்க்கரை குறைவு. அதனால் 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தெளித்தோம்.

6. ஒவ்வொரு அடுக்காகப் போட்டு, தம்பியை உள்ளே இறக்கி மிதிக்க விட்டோம். 200 லிட்டர் டிரம்மில் ஏறக்குறைய 100 கிலோ பிடிக்கும். அன்றைக்கே நிரப்பி, பிளாஸ்டிக் தாள் போட்டு, மூடியை இறுக்கினோம். இதுதான் முக்கியம். பெரிய குழி வெட்டினால் நிரப்புவதற்குள் மழை வந்துவிடும். டிரம் என்றால் ஒரே நாளில் முடியும்.

45 நாள் கழித்துத் திறந்தோம். மஞ்சள் கலந்த பச்சை நிறம், புளிப்பு வாசம். மேலே ஒரு கை அளவு பூஞ்சணம் பிடித்திருந்ததை எடுத்து எறிந்துவிட்டோம். பூஞ்சணம் பிடித்ததை மாட்டுக்குக் கொடுக்கக் கூடாது. முதலில் கொஞ்சமா மற்ற தீவனத்தோடு கலந்து, பால் கறந்த பிறகு வைத்தோம். முன்னாடியே வைத்தால் பாலில் வாசம் ஏறும். தினமும் எடுத்ததும் உடனே மூடிவிட வேண்டும்.

மாடு என்ன செய்தது தெரியுமா? கூடையைத் தள்ளித் தள்ளி நக்கியது! அப்பா என்னைப் பார்த்து, "அடுத்த தடவை ரெண்டு டிரம் போடுவோம்மா" என்றார்.

உங்களுக்குத் தெரியுமா?

பின்லாந்து நாட்டு விஞ்ஞானி விர்த்தனேன், ஈரப் புல்லில் நீர்த்த அமிலம் சேர்த்துக் கெடாமல் வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1945-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. மாட்டுத் தீவனத்துக்கும் நோபல் பரிசு!

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். நான் சொல்வது, புல்லுள்ளபோதே ஊறப்போடு!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி