அயல்நாட்டிற் தமிழ் கற்பித்தலும் வேதனமும்

1983 ஆம் ஆண்டின் பின் இலண்டன் முதலிய நகரங்களிற் குடியேறிய நம்மவருட் சிலர் பிள்ளைகளுக்குத் தனிமுறையிற் தமிழ் கற்பிக்கின்றனர். கல்விக்கு விலை கூறல் தகாதென்பார் உளர். யாம் அவ்வாறு கருதேம். வேதனம் ஆசிரியர் செலவிடும் பொழுதுக்கேயாம்.

1 மணிப் பாடத்துக்கு ஆயத்தம் அரைமணியும் போக்குவரவு அரைமணியுமாயின், உழைப்பு 2 மணியாகும். ஊர் ரூபாயிற் கணக்கிட்டு மிகக் குறைப்பின், அதனையே சீவனமாகக் கொண்ட பிற ஆசிரியர் நலிவர். ஆதலின் அந்நாட்டு வேதனமே அளவுகோலாகுக.

இயலாதாரை மறுத்தனுப்பின் அப்பிள்ளைகள் தமிழை இழப்பர். நால்வரை ஒருங்கிருத்திக் கட்டணத்தைப் பங்கிடுதல் நன்று. இங்கிலாந்தில் மாணவர் விசாவில் இருப்போர்க்குச் சுயதொழில் தடுக்கப்பட்டுள்ளமையையும் உணர்க.

வேதனத்தை முதனாளிலேயே வெளிப்படக் கூறுக, பின்னர்ப் பிணக்கெழாது.